செல்ல எலி வளர்ப்பு

செல்ல எலி என்பது பழுப்பு எலி இனத்திலிருந்து பழக்கப்படுத்தப்பட்டு, வீடுகளில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் ஒரு கொறிணி ஆகும். பழுப்பு எலியின் அறிவியற் பெயர் ராட்டசு நோர்வெசிக்கசு என்பதாகும். ஆய்வுகூடங்களில் பயன்படும் வெள்ளை எலியும் செல்ல எலியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் செல்ல எலிகளை வளர்ப்பதும், நிறமும் குணமும் பார்த்து இனம்பெருக்குவதும், கண்காட்சிகளில் காட்சிப்படுத்துவதும் ஒரு பொழுதுபோக்காக நிலைபெற்றுள்ளன. இவ்வாறு இனம்பெருக்குவோரிற் பெரும்பாலோர் தம் வீட்டின் ஓர் அறையிலேயே சில கூண்டுகளை வைத்து அதனைச் செய்பவர்கள் ஆவர்.

செல்ல எலியின் ஆயுட்காலம் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் மட்டுமே. ஆனால் அதன் சினைக்காலம் மூன்று வாரமே ஆகும். குறுகிய வாழ்வும் விரைவான பெருக்கமும் சேர்ந்திருப்பதால், வளர்ப்பவர் செய்யும் தவறுகள் மிக விரைவில் பல மடங்காகின்றன. எந்த எலியை எதனுடன் சேர்ப்பது, எங்கிருந்து புதிய எலியைப் பெறுவது, குட்டிகளை எப்போது பிரிப்பது என்பன போன்ற முடிவுகளே அவ்விலங்கின் நலத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

பெயர்

தமிழில் எலியைப் போன்ற சிறு விலங்குகளுக்குப் பல பெயர்கள் உள்ளன. வீடுகளில் காணப்படும் சிறிய எலி சுண்டெலி எனவும், உருவிற் பெரியது பெருச்சாளி எனவும் அழைக்கப்படுகின்றன. மூஞ்சூறு கொறிணியே அன்று. அது பூச்சிகளை உண்ணும் வேறொரு விலங்கு வரிசையைச் சேர்ந்தது. வெள்ளெலி என்னும் சொல் வயல்வெளிகளில் வளை தோண்டி வாழும் மற்றோர் இனத்தைக் குறிக்க வழங்கப்படுகிறது. ஆகவே வெண்ணிறச் செல்ல எலியை வெள்ளை எலி எனப் பிரித்து எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

ஆங்கிலத்தில் இவ்வெலிகளுக்கு "ஃபான்சி ராட்" என்பது வழக்கமான பெயர். இங்கு "ஃபான்சி" என்பது ஆடம்பரம் என்னும் பொருளில் வரவில்லை. விலங்குகளை விருப்பத்தின்பேரில் இனம்பெருக்கிக் காட்சிப்படுத்தும் பொழுதுபோக்கினையே அச்சொல் குறிக்கின்றது. இனத்தின் பெயரில் நோர்வே இடம்பெற்றாலும் பழுப்பு எலி அந்நாட்டில் தோன்றியதன்று. வட சீனாவும் மங்கோலியாவும் அடங்கிய பகுதியே அதன் தாயகம் எனக் கருதப்படுகிறது. ஜோன் பெர்க்கன்ஹவுட் என்பவர் 1769 ஆம் ஆண்டில் இவ்வினத்துக்கு அறிவியற் பெயரிட்டார்.

வரலாறு

யப்பான்

எலிகளை விருப்பத்துக்காக வளர்த்தது பற்றிய பழைய நூற்சான்று யப்பானிலிருந்து கிடைக்கின்றது. எடோ காலத்தில் 1775 ஆம் ஆண்டில் வெளியான "யோசோ தமா நோ ககெகாசி" என்னும் நூல், பல நிற எலிகளை வளர்த்து இனம்பெருக்கும் முறைகளைப் பற்றியது. 1787 ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு நூல் சுண்டெலி வளர்ப்பைப் பற்றியது. மரபியல் ஓர் அறிவியல் துறையாக உருவாவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, எந்தப் பெற்றோரைச் சேர்த்தால் எந்நிறக் குட்டி கிடைக்கும் என்பதை வீட்டு வளர்ப்பாளர்கள் கவனித்து எழுதிவைத்துள்ளனர்.

இங்கிலாந்து

இன்றைய செல்ல எலிகளின் வரலாறு பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துடன் தொடர்புடையது. காளை, கரடி முதலியவற்றை நாய்களுடன் மோதவிடும் விளையாட்டுகள் 1835 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும், குழியொன்றில் எலிகளை விட்டு நாயைக்கொண்டு கொல்லவைக்கும் பந்தயம் இலண்டனில் தொடர்ந்து நடைபெற்றது. இதற்காகப் பெருந்தொகையான எலிகள் உயிருடன் பிடிக்கப்பட்டன. அவற்றுள் வழக்கத்துக்கு மாறான நிறமுடையவை கொல்லப்படாமல் தனியே வைக்கப்பட்டன.

விக்டோரியா மகாராணியின் எலிபிடிப்பாளர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஜாக் பிளாக், அவ்வாறு கிடைத்த எலிகளை இனம்பெருக்கிச் செல்லப் பிராணிகளாக விற்றார். வார்ப்பிரும்பில் செய்த எலி உருவங்கள் பதித்த தோற்பட்டையை அணிந்து அவர் தெருக்களில் வலம்வந்தார். என்றி மேய்யூ எழுதிய இலண்டன் உழைப்பாளர்களைப் பற்றிய நூலில் அவருடைய நேர்காணல் இடம்பெற்றுள்ளது. எலியை அழிப்பதைத் தொழிலாகக் கொண்டவரே எலி வளர்ப்புக்கும் முன்னோடியானார் என்பது குறிப்பிடத்தக்கது. சிறுவர் நூலாசிரியர் பியட்ரிக்சு பொட்டர் சம்மி என்ற செல்ல எலியை வளர்த்தார். 1908 ஆம் ஆண்டில் வெளியான தம் கதை நூல் ஒன்றை அவ்வெலியின் நினைவுக்கு அவர் உரித்தாக்கினார்.

கண்காட்சிகளும் சங்கங்களும்

1901 ஆம் ஆண்டில் மேரி டக்ளசு என்னும் பெண்மணி, இங்கிலாந்தின் தேசியச் சுண்டெலிக் கழகத்தின் கண்காட்சிகளில் எலிகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். அவ்வாண்டு எயில்சுபரி நகரில் நடந்த கண்காட்சியில் அவருடைய கறுப்பு வெள்ளை எலி முதன்மைப் பரிசைப் பெற்றது. 1912 இல் அக்கழகத்தின் பெயரில் எலியும் சேர்க்கப்பட்டது. 1921 இல் டக்ளசு காலமான பின்னர் ஆர்வம் குன்றி, எலி கழகத்தின் பெயரிலிருந்து மீண்டும் நீக்கப்பட்டது. எலிகளுக்கென்றே அமைந்த தேசிய ஃபான்சி எலிச் சங்கம் 1976 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தில் தோற்றுவிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் அமெரிக்க ஃபான்சி எலி, சுண்டெலிச் சங்கம் 1983 இல் தொடங்கப்பட்டது.

ஆய்வுகூடத் தொடர்பு

ஃபிலடெல்ஃபியாவின் விசுட்டார் நிறுவனத்தில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட விசுட்டார் எலி, ஆய்வுக்கென வளர்க்கப்பட்ட வழிகளுள் புகழ்பெற்றது. யப்பானிய ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட மரபணு ஆய்வு ஒன்று, உலகின் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளை எலி வழிகளில் ஒரே சடுதிமாற்றமே காணப்படுவதை உறுதிசெய்தது. அவை அனைத்திலும் தலையும் முதுகும் மட்டும் நிறமுள்ள "முக்காட்டு" வகைக்குரிய மரபணுவும் மறைந்திருந்தது. எனவே ஆய்வுகூட வெள்ளை எலிகள் யாவும், யாரோ முன்பு வளர்த்த முக்காட்டு எலி ஒன்றின் வழிவந்தவை எனக் கொள்ளலாம்.

உடலமைப்பும் இயல்பும்

வளர்ந்த ஆண் எலி பொதுவாக 450 முதல் 650 கிராம் வரையும், பெண் எலி 350 முதல் 450 கிராம் வரையும் நிறையுடையது. வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. அவற்றின் முன்புறம் மஞ்சள் கலந்த செம்மை நிறமாக இருப்பது நோயன்று, இயல்பேயாகும். எலிக்குப் பித்தப்பை இல்லை. எலியால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஆகவே நச்சு வயிற்றுக்குட் சென்றால் அதனை வெளியேற்ற வழியில்லை.

கண்ணின் பின்புறமுள்ள சுரப்பி ஒன்று போபைரின் என்னும் செந்நிறப் பொருளைச் சுரக்கின்றது. நோயுற்றபோதும் மனநெருக்கடியின்போதும் இது கண், மூக்கு ஓரங்களில் இரத்தம்போற் படிகின்றது. புதிதாக வளர்ப்போர் இதனை இரத்தப்போக்கு என எண்ணி அஞ்சுவதுண்டு. இது இரத்தமன்று எனினும் எலியின் உடல்நிலையைக் கவனிக்க வேண்டும் என்பதற்கான அறிகுறியாகும்.

எலிகள் மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியால் தமக்குள் தொடர்பு கொள்கின்றன. விளையாட்டின்போதும் கூச்சங்காட்டும்போதும் ஏறத்தாழ 50 கிலோஏர்ட்சு அளவிலும், அச்சத்தின்போது ஏறத்தாழ 22 கிலோஏர்ட்சு அளவிலும் ஒலியெழுப்புகின்றன. அமைதியாக இருக்கும்போது பற்களை ஒன்றோடொன்று தேய்ப்பதும் உண்டு. சிக்கிக்கொண்ட மற்றோர் எலியை விடுவிக்க எலிகள் முயல்வதை 2011 ஆம் ஆண்டிலும், மனிதருடன் கண்ணாமூச்சி விளையாடக் கற்றுக்கொள்வதை 2019 ஆம் ஆண்டிலும் வெளியான ஆய்வுகள் காட்டின.

எலி கூட்டமாக வாழும் விலங்காகும். மனிதர் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் மற்றோர் எலியின் துணைக்கு அது ஈடாகாது. எனவே ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு எலிகளையேனும் சேர்த்து வளர்க்கவேண்டும் என்பது வளர்ப்போரின் பொது விதி. ஆண் எலிகள் பொதுவாகச் சோம்பலானவை, மடியில் அமர்ந்திருக்க விரும்புபவை. பெண் எலிகள் சுறுசுறுப்பானவை, எதையும் ஆராய முற்படுபவை.

கூண்டும் சூழலும்

செல்ல எலிக்குக் கம்பிக் கூண்டே ஏற்றது. கண்ணாடித் தொட்டியில் காற்றோட்டம் குறைவு. சிறுநீரிலிருந்து எழும் அமோனியா உள்ளேயே தங்கி நுரையீரலைப் பாதிக்கும். கூண்டு அமைக்கும்போது கவனிக்கவேண்டியவை பின்வருமாறு:

- கம்பி இடைவெளி: குட்டிகளுக்கும் சிறிய பெண் எலிகளுக்கும் ஏறத்தாழ 1.25 செ.மீ.க்கு மேற்படலாகாது. தலை நுழையும் இடைவெளியில் எலியின் உடலும் நுழைந்துவிடும்.
- அடித்தளம்: வெறும் கம்பித்தளம் கூடாது. அதன்மீது தொடர்ந்து நடக்கும் எலியின் பாதங்களில் புண் ஏற்படும். திடமான தளத்தின்மேல் படுகை பரப்பவேண்டும்.
- உயரம்: எலி ஏறி இறங்க விரும்புவதால் பல தட்டுகள் நல்லது. ஆனால் நெடுந்தூரம் விழ வாய்ப்பிருக்கக்கூடாது. இடையிடையே துணித் தூளிகளைக் கட்டினால் அவை படுக்கையாகவும் விழுவதைத் தாங்கும் வலையாகவும் பயன்படும்.
- மறைவிடம்: ஒவ்வோர் எலிக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். அட்டைப்பெட்டியே போதுமானது.
- ஓடுசக்கரம்: வைப்பதாயின் ஏறத்தாழ 30 செ.மீ. விட்டமும் இடைவெளியற்ற தளமும் உடையதாக இருத்தல் வேண்டும். சிறிய சக்கரம் முதுகெலும்பை வளைக்கும்.

படுகைக்குத் தாள் துண்டுகள், அட்டைத் துண்டுகள், சணல்வகைத் தண்டுச் சீவல், ஆசுப்பன் மரச்சீவல் என்பன பயன்படுத்தப்படுகின்றன. பைன், செடார் முதலிய ஊசியிலை மரங்களின் பதப்படுத்தப்படாத சீவல்கள் விலக்கத்தக்கவை. அவற்றின் நறுமணத்துக்குக் காரணமான வேதிப்பொருட்கள் எலியின் மூச்சுப்பாதையை உறுத்துவதுடன் கல்லீரல் நொதிகளின் செயற்பாட்டையும் மாற்றுகின்றன. நுண்ணிய மரத்தூளும் மூச்சுக்குக் கேடானது.

வெப்பநிலை 18 முதல் 24 பாகை செல்சியசு வரை இருப்பது உகந்தது. எலிக்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வாலின் இரத்தக்குழாய்களே வெப்பத்தை வெளியேற்றும் முதன்மை வழியாகும். எனவே 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் அதற்கு ஆபத்தானது. ஈரப்பதன் மிகக் குறைந்தால் குட்டிகளின் வாலில் வளையம்போன்ற இறுக்கங்கள் தோன்றும். வெள்ளை எலிகளின் கண்ணில் நிறமி இல்லாமையால் கடுமையான வெளிச்சம் அவற்றின் விழித்திரையைச் சிதைக்கும்.

தூய்மையிலும் அளவு வேண்டும். நனைந்த பகுதிகளை நாள்தோறும் அகற்றுவதும், படுகையை வாரந்தோறும் மாற்றுவதும் வழக்கம். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவிவிட்டால், தம் மணத்தை இழந்த எலிகள் கலக்கமுற்று முன்னிலும் மிகுதியாகச் சிறுநீர் தெளித்து அடையாளமிடும். பழைய படுகையில் ஒரு பிடியையும் கழுவாத ஒரு துணியையும் விட்டுவைப்பது இதனைத் தவிர்க்கும்.

கூண்டு எவ்வளவு பெரிதாயினும் நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் எலிகளை வெளியே விடவேண்டும். அவ்வாறு விடும் அறையில் மின்கம்பிகள் மறைக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

உணவு

எலி ஓர் அனைத்துண்ணி ஆகும். வளர்ந்த எலி நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் வரை உலர் உணவு உண்ணும். ஒவ்வொரு 100 கிராம் உடல்நிறைக்கும் ஏறத்தாழ 10 மில்லிலீட்டர் நீர் அருந்தும். எலிக்கென ஆக்கப்பட்ட சீருணவுக் குச்சிகளோ, தானியங்களும் பருப்பும் கலந்த கலவையோ முதன்மை உணவாக அமைகின்றது. கலவை உணவில் எலி தனக்குப் பிடித்தவற்றை மட்டும் பொறுக்கி உண்பதால், முழுவதும் தீர்ந்த பின்னரே மீண்டும் இடவேண்டும். வளர்ந்த எலிக்குப் புரதம் ஏறத்தாழ 12 முதல் 16 விழுக்காடு போதும். வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 18 விழுக்காடோ அதற்கு மேலோ தேவைப்படும். கீரை, பூக்கோசு, பட்டாணி, வேகவைத்த முட்டை முதலியவற்றைச் சிறிதளவு சேர்ப்பது நன்று.

வேகாத அவரைவகை விதைகள், பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, காற்றடைத்த குளிர்பானங்கள் என்பன தவிர்க்கப்படுகின்றன. தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மையான உணவு மூச்சடைப்பை உண்டாக்கும். ஆண் எலிகளுக்கு ஆரஞ்சுப்பழம் கொடுக்கலாகாது என்பது வளர்ப்போரிடையே பரவலாக வழங்கும் அறிவுரை. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் உள்ள லிமொனீன் என்னும் பொருளைத் தொடர்ந்து உட்செலுத்தியபோது ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் கட்டிகள் தோன்றியதை 1990 இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வொன்று காட்டியது. ஆண் எலிக்கே உரிய புரதம் ஒன்று இதற்குக் காரணம் என்பதால், இம்முடிவு மனிதருக்குப் பொருந்தாது.

கொழுத்த எலியின் ஆயுள் குறைகின்றது. எலி மகிழ்ச்சியுடன் வாங்கி உண்கிறது என்பதற்காகத் தின்பண்டங்களை மிகுதியாகக் கொடுப்பது, வளர்ப்போர் அன்பினாற் செய்யும் தவறுகளுள் முதன்மையானது.

இனப்பெருக்கம்

பெற்றோரைத் தேர்தல்

செல்ல எலி 5 முதல் 6 வார வயதிலேயே பாலின முதிர்ச்சி அடையத் தொடங்குகின்றது. ஆயினும் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் பெண் எலியை 4 மாத வயதுக்கு முன்னர் இணைசேர்ப்பதில்லை. முதல் ஈற்று 8 மாத வயதுக்கு மேல் தள்ளிப்போனால் பேற்றுத் துன்பங்கள் மிகுதியாகும் எனவும் கருதப்படுகிறது.

ஆண் எலியைத் தேர்வதில் காத்திருத்தல் பயன் தரும். நாட்பட்ட மூச்சுநோய் பெரும்பாலும் வயது ஏறிய பின்னரே வெளிப்படும். ஆண் எலிகளின் முரட்டுத்தனமும் 6 மாத வயதுக்குப் பின்னரே பொதுவாகத் தலைகாட்டும். ஓராண்டுக்கு மேல் நலமாகவும் சாந்தமாகவும் வாழ்ந்த ஆணைத் தேர்ந்தால், அக்குறைகள் குட்டிகளிடம் வருவதற்கான வாய்ப்புக் குறையும். பெற்றோர் மட்டுமன்றி, அவற்றின் உடன்பிறப்புகளும் முன்னோரும் எத்தனை மாதம் வாழ்ந்தன, எதனால் இறந்தன என்பதையும் குறித்துவைத்தால்தான் இத்தேர்வு பொருளுடையதாகும். நல்ல வளர்ப்பாளரின் முதன்மைக் கருவி கூண்டன்று, குறிப்பேடே எனலாம்.

இணைசேர்த்தலும் சினையும்

பெண் எலி 4 அல்லது 5 நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் அடைகின்றது. ஆணும் பெண்ணும் பத்து நாட்கள் சேர்ந்திருந்தால் இரண்டு பருவங்கள் அடங்கிவிடும். சினைக்காலம் 21 முதல் 23 நாட்கள். ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மீண்டும் சினையாக இயலும். எனவே ஈனுவதற்கு முன்னரே ஆணைப் பிரித்துவிட வேண்டும். மூன்றாம் வாரத்தில் பெண் எலியைத் தனிக்கூண்டுக்கு மாற்றிக் கூடு கட்டத் தாள் நறுக்குகளைக் கொடுப்பது வழக்கம்.

ஓர் ஈற்றில் பொதுவாக 8 முதல் 12 குட்டிகள் பிறக்கும். சில வேளைகளில் இத்தொகை 20 வரை உயர்வதும் உண்டு. தாய்க்கு 12 முலைக்காம்புகள் உள்ளன.

குட்டிகளின் வளர்ச்சி

- பிறந்த நாள்: மயிரின்றி இளஞ்சிவப்பாக, கண்ணும் செவியும் மூடியிருக்கும். நிறை 5 முதல் 6 கிராம். பால் குடித்த குட்டியின் வயிற்றில் வெண்ணிறப் பட்டை தோலின் வழியே தெரியும். இது தெரியாத குட்டி பால் பெறவில்லை என அறியலாம்.
- 7 முதல் 10 நாட்கள்: மயிர் முளைக்கும். பெண் குட்டிகளின் முலைக்காம்புகள் புலப்படுவதால் பால் அறிதல் எளிது.
- 13 முதல் 15 நாட்கள்: கண் திறக்கும்.
- மூன்றாம் வாரம்: திட உணவைச் சுவைக்கத் தொடங்கும்.
- 21 முதல் 28 நாட்கள்: பால் மறக்கும்.
- ஐந்தாம் வாரத்துக்குள்: ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் பெண் குட்டிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும்.
- ஆறாம் வாரத்துக்குப் பின்: புதிய வீடுகளுக்கு இணையிணையாக அனுப்பலாம்.

இக்காலத்தில் நாள்தோறும் மென்மையாகக் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகள் வாழ்நாள் முழுவதும் மனிதரிடம் அச்சமின்றி இருக்கும்.

பிரிக்கத் தவறினால் விளைவது யாது என்பதை எளிய கணக்கால் காட்டலாம். ஓர் ஈற்றில் 10 குட்டிகள் பிறந்து, அவற்றுள் 5 பெண்ணாயின், தாயும் 5 மகள்களும் தம் கூண்டிலுள்ள இளம் ஆண்களால் சினையாகக்கூடும். அடுத்த மூன்று வாரத்தில் 60 குட்டிகள் வரை பிறக்கலாம். இரண்டு எலிகளுடன் தொடங்கிய வீட்டில், சில மாதங்களில் கூண்டும் உணவும் மருத்துவமும் கொடுக்க இயலாத நிலை இவ்வாறே உருவாகின்றது.

நிறமும் மரபியலும்

காட்டுப் பழுப்பு எலியின் ஒவ்வொரு மயிரிலும் கருமையும் மஞ்சளும் மாறிமாறிப் பட்டையாக அமைந்துள்ளன. இந்நிறம் அகூட்டி எனப்படும். இதற்குக் காரணமான மரபணு ஓங்குதன்மை உடையது. அதன் ஒடுங்கு வடிவம் இரண்டு சேர்ந்தால் கறுப்பு எலி பிறக்கும். நிறமியே உருவாகாத அல்பினோ, முக்காட்டுக் குறி என்பனவும் ஒடுங்கு பண்புகளே. உடலின் குளிர்ந்த முனைகளான மூக்கு, செவி, வால் என்பவற்றில் மட்டும் நிறம் கருக்கும் சியாமீசு வகை, வெப்பநிலைக்கு ஏற்ப நொதி ஒன்று செயற்படுவதால் உண்டாகின்றது.

சுருள்மயிர் கொண்ட ரெக்சு வகை ஓங்கு பண்பாகும். ரெக்சு எலியைச் சாதாரண எலியுடன் சேர்த்தால் பாதிக் குட்டிகள் சுருள்மயிருடன் பிறக்க வாய்ப்புண்டு. இரண்டு ரெக்சு எலிகளைச் சேர்த்தால், இரட்டை மரபணு பெற்ற குட்டிகள் திட்டுத்திட்டாக மயிர் உதிர்ந்து காணப்படும். பெரிய வட்டச் செவிகள் தலையின் பக்கவாட்டில் அமைந்த டம்போ வகை ஒடுங்கு பண்பாகும். இப்பண்பை மறைவாகத் தாங்கும் இரண்டு எலிகளின் குட்டிகளுள் சராசரியாக நான்கில் ஒன்று டம்போவாக இருக்கும்.

சில பண்புகள் எலியின் நலத்துக்கு இடையூறானவை. வாலற்ற வகையில் முதுகெலும்பு, இடுப்பெலும்புக் குறைகளும் பேற்றுத் துன்பமும் காணப்படுகின்றன. வால் இல்லாமையால் சமநிலை பேணலும் வெப்பம் வெளியேற்றலும் பாதிக்கப்படுகின்றன. மயிரற்ற எலிகள் குளிரையும் கீறல்களையும் தாங்கா. தலையில் வெண்மை மிகுந்த சில வழிகளில், குடல் நரம்புகள் சரிவர அமையாமையால் பெருங்குடல் வீங்கிக் குட்டிகள் இறக்கின்றன. இதன் காரணமாகச் சில சங்கங்கள் இத்தகைய வகைகளைக் கண்காட்சிகளில் ஏற்பதில்லை.

நோய்கள்

செல்ல எலிகளின் மிகப் பொதுவான நோய் மைக்கோபிளாசுமா புல்மோனிசு என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் நாட்பட்ட மூச்சுநோயாகும். பெரும்பாலான செல்ல எலிகள் இதனைத் தாயிடமிருந்தே பெற்றுத் தாங்கியுள்ளன. தும்மல், மூச்சிரைப்பு, மூச்சில் சீழ்க்கை ஒலி என்பன அறிகுறிகள். அமோனியா மிகுந்த காற்று இந்நோயைக் கடுமையாக்குகின்றது. கால்நடை மருத்துவர்கள் தொக்சிசைக்கிளின், என்ரோஃபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தருகின்றனர். இவை நோயை அடக்குமேயன்றி வேரோடு நீக்குவதில்லை.

பெண் எலிகளில் பால்சுரப்பிக் கட்டிகள் மிகுதி. பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடைவரை பரவியிருப்பதால் கட்டி எவ்விடத்திலும் தோன்றலாம். பெரும்பாலானவை புற்றுநோயல்லாத நார்க்கட்டிகள். அறுவை மருத்துவத்தால் அகற்றத்தக்கவை. இளவயதிலேயே சூலகங்களை நீக்கினால் இக்கட்டிகள் தோன்றும் வாய்ப்புப் பெரிதும் குறைகின்றது. முதிய ஆண் எலிகளின் பின்னங்கால்கள் படிப்படியாக வலுவிழத்தல் உண்டு. அந்நிலையில் கூண்டின் மேல்தட்டுகளை அகற்றி, உணவையும் நீரையும் தாழ வைத்தல் வேண்டும்.

எலிகளிடையே விரைந்து பரவும் கொரோனா வைரசு வகை ஒன்று உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகின்றது. இத்தகைய நோய்களைத் தடுக்கவே, புதிதாக வாங்கிய எலிகளைக் குறைந்தது இரண்டு வாரம் வேறொரு கட்டடத்திலோ காற்றுத் தொடர்பற்ற இடத்திலோ தனிமைப்படுத்துகின்றனர். ஒரே அறையின் மற்றொரு மூலையில் வைப்பது தனிமைப்படுத்தல் ஆகாது.

எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவற்றுள் எலிக்கடிக் காய்ச்சலும் சியோல் வைரசும் குறிப்பிடத்தக்கன. கடிபட்ட பின் காய்ச்சலோ மூட்டுவலியோ தோலில் தடிப்போ ஏற்பட்டால், வீட்டில் எலி வளர்ப்பதை மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்.

சியோல் வைரசுப் பரவல்

சியோல் வைரசு ஆன்டா வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்தது. பழுப்பு எலியே அதன் முதன்மை ஏந்தி. தொற்றுற்ற எலியிடம் எவ்வித நோய்க்குறியும் தோன்றுவதில்லை. மனிதரில் சிலருக்கு மட்டும் கடுமையான காய்ச்சலும் சிறுநீரகப் பாதிப்பும் உண்டாகின்றன.

2016 திசம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் விசுக்கொன்சின் மாநிலத்தில், வீட்டில் எலி வளர்த்த ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்குச் சியோல் வைரசுத் தொற்று இருப்பது கண்டறியப்பட்டது. 2017 இல் நடந்த விசாரணை, எலிகள் கைமாறிய வழிகளைப் பின்தொடர்ந்தபோது, 11 மாநிலங்களில் 31 இடங்களில் மனிதரிடமோ எலிகளிடமோ தொற்று இருப்பது தெரியவந்தது. அவற்றுள் ஆறு இடங்கள் கனடாவின் வளர்ப்பாளர்களுடனும் எலிகளைப் பரிமாறியிருந்தன. இரு நாடுகளிலும் சோதிக்கப்பட்ட 183 பேருள் 24 பேரிடம் வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், எவரும் இறக்கவில்லை. தொற்று உறுதியான இடங்களில் எலிகள் அனைத்தையும் வலியின்றிக் கொல்வதோ, சோதித்துத் தொற்றுள்ளவற்றை மட்டும் நீக்குவதோ வழியாக இருந்தது. பல ஆண்டுகள் பேணிய வழிகளைச் சில வளர்ப்பாளர்கள் இவ்வாறு இழந்தனர்.

இந்நிகழ்வு தனிமைப்படுத்தலின் எல்லையையும் உணர்த்தியது. விரைவில் வெளிப்படும் நோய்களை இரண்டு வாரக் காத்திருப்புக் காட்டிக்கொடுக்கும். அறிகுறியின்றி நெடுங்காலம் தங்கும் சியோல் வைரசை இரத்தச் சோதனையே காட்டும். எலி எங்கிருந்து வந்தது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இருந்த இடங்களில் தொற்றைப் பின்தொடர்வது எளிதாகும்.

சட்டமும் நெறியும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 1950 முதல் எலி ஒழிப்புத் திட்டத்தை நடத்திவருகின்றது. அங்குச் செல்லப் பிராணியாக எலி வளர்ப்பது சட்டத்துக்குப் புறம்பானது. விலங்குக்காட்சிச் சாலைகளும் ஆய்வு நிறுவனங்களும் மட்டுமே விலக்குப் பெற்றுள்ளன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், செல்ல எலிக்குத் தக்க சூழல், உணவு, துணை, நோய்க்காப்பு என்பவற்றை அளிப்பதை வளர்ப்பவரின் கடமையாக்கியுள்ளது. இங்கிலாந்தில் வணிக முறையில் செல்லப் பிராணிகளை விற்போர் 2018 ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெறவேண்டும்.

வீட்டில் இனம்பெருக்குதல் தேவையா என்பது பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. கைவிடப்பட்ட எலிகள் காப்பகங்களில் இருக்கும்போது புதிய குட்டிகளை உருவாக்குவது தவறு என ஒரு சாரார் கூறுகின்றனர். தேர்ந்து பெருக்காவிட்டால், மூச்சுநோயும் கட்டியும் முரட்டுத்தனமும் மிகுந்த வழிகளே எஞ்சும் என மறுசாரார் வாதிடுகின்றனர். பெரிய ஈற்றுகளில் குட்டிகளைக் குறைப்பது குறித்தும் வளர்ப்பாளர்களிடையே உடன்பாடு இல்லை. எனினும், தாம் பிறப்பித்த எலியைப் புதிய உரிமையாளர் எக்காலத்திலும் திருப்பித் தந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும், அத்தனை எலிகளுக்கும் இடமும் மருத்துவச் செலவும் இல்லாதவர் இணைசேர்க்கக்கூடாது என்பதையும் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் பொதுவாக ஏற்கின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

- பழுப்பு எலி
- சுண்டெலி
- கொறிணிகள்
- மெண்டலின் மரபுவழி விதிகள்
- விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள்